ஊழியர் என்றால் யார்?

('பணிவும் தலைமையும்' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய இருவரும் வயதிலும் அனுபவத்திலும் பெரியவர்கள். ஒருவர் திருக்குறள் வழியாகப் பேசினார். இன்னொருவர் நிர்வாகத் துறையின் பார்வையில் பேசினார். கிறிஸ்தவ சமயம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. பொதுசனத் தொடர்பில் பட்டயம் வாங்கியவள். விளக்கைப் போட்டு, பவுடர் பூசி, கேமராவுக்கு நடுவில் நிற்பது என் தொழில். பணிவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமில்லாத தொழில் இருக்குமா என்று தெரியவில்லை. (சிரிப்பு)

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போயிருந்தேன். மீன் வாங்கிக்கொண்டு பஃபலோ சாலைப் பக்கம் வரும்போது ஒருவர் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் கொடுத்தார். நற்செய்திக் கூட்டம் ஒன்றின் அறிவிப்பு. பாதிப் பக்கத்துக்கு ஒருவருடைய புகைப்படம், கோட்டும் டையும். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் 'தேவ ஊழியர்' என்று போட்டு அவர் பெயர். என் கைப்பையில் அன்றைய தமிழ்ச் செய்தித்தாளும் இருந்தது. அதில் லாரியின் பின்புறம் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு செய்தி. தலைப்பில் 'வெளிநாட்டு ஊழியர்கள்' என்றிருந்தது.

ஒரே சொல்தான். ஒரு ஊழியருக்கு மேடையும் மாலையும் முன்வரிசை நாற்காலியும். இன்னொரு ஊழியருக்கு லாரியின் பலகை. நானும் பல வருடங்களாக இரண்டு இடத்திலும் இந்தச் சொல்லை உச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில், 'ஊழியம்' என்றால் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்ய வேண்டிய வேலை. தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட மக்களை அரசாங்க வேலைக்கும் கோயில் வேலைக்கும் இழுத்துக்கொண்டு போவார்கள். மறுக்க முடியாது. அந்த மக்கள் வாயில் கசந்த சொல் அது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அந்தச் சொல்லையே எடுத்து, கடவுளுக்கும் மக்களுக்கும் செய்யும் பணிக்கு வைத்துக்கொண்டார்கள். மூலத்துக்கு அது பொருத்தமான சொல்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் இந்த இடங்களில் வருகிற சொற்கள் இரண்டு. ஒன்று 'டியாக்கோனோஸ்', சாப்பாட்டு மேசையில் நின்று பரிமாறுபவன். மற்றது 'டூலோஸ்', அடிமை. மினிஸ்டர் என்கிறோமே, அதுவும் லத்தீன் மொழியில் வேலைக்காரன் என்ற பொருள் உள்ள சொல்தான். பதவி ஏற ஏற எல்லா மொழியிலும் வேலைக்காரனுக்கு உடுப்பு மாறிவிடுகிறது போலும்.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. யாக்கோபு, யோவான் என்று அண்ணன் தம்பி இருவர். இருவரும் சீடர்கள். இயேசுவிடம் வந்து, நீர் அரசாளும்போது எங்களில் ஒருவருக்கு வலப்பக்கமும் மற்றவருக்கு இடப்பக்கமும் இடம் வேண்டும் என்று கேட்கிறார்கள். மத்தேயு எழுதியதில் இதைக் கேட்பது அவர்களுடைய அம்மா. பள்ளிக்கூட வாசலில் நின்று, என் பையனை மாணவர் தலைவனாகப் போடுங்கள் என்று ஆசிரியரைக் கேட்கும் அம்மாக்களை நமக்கும் தெரியும், அதனால் நான் மத்தேயுவை நம்புகிறேன். (சிரிப்பு) மற்ற பத்துச் சீடர்களுக்கும் கோபம் வருகிறது. தாங்கள் முதலில் கேட்காமல் போனோமே என்ற கோபமாகத்தான் இருக்கும். அப்போதுதான் இயேசு சொல்கிறார்: உலகத்து அதிகாரிகள் மக்களை அடக்கி ஆள்கிறார்கள், உங்களுக்குள் அப்படி இருக்கக்கூடாது, பெரியவனாக இருக்க விரும்புகிறவன் மற்றவர்களுக்குப் பணிவிடைக்காரனாக இருக்கட்டும், நானே பணிவிடை பெற வரவில்லை, செய்யத்தான் வந்தேன்.

இன்றைக்கு நம் அலுவலகங்களில் 'சேவைத் தலைமை' என்று பயிற்சி வகுப்பு வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை 1970இல் பரப்பியவர் ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர், தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் சில வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தபோது, பணிவு காட்டினால் வேலை நன்றாக வாங்கலாம் என்ற தந்திரமாகவே அது என் காதில் விழுந்தது. யாக்கோபும் யோவானும் அந்த வகுப்பில் சந்தோஷமாகச் சேர்ந்திருப்பார்கள்.

இயேசு இதை வகுப்பாக நடத்தவில்லை. தாம் பிடிபடுவதற்கு முந்தின இரவு, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவினார் என்கிறது யோவான் நற்செய்தி. தமிழர்களாகிய நமக்குக் கால் கழுவுவது புதிதல்ல. குருவுக்குச் சீடன் பாதபூஜை செய்கிறான். சில குடும்பங்களில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் காலைக் கழுவுகிறார். ஊரில் வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுப்பார்கள், ஆனால் காலை அவரவரேதான் கழுவிக்கொள்ள வேண்டும். நம் வழக்கத்தில் தண்ணீர் எப்போதும் கீழே இருப்பவர் கையிலிருந்து மேலே இருப்பவர் காலுக்குப் போகிறது. அந்த இரவு அது திசை மாறியது. குரு மண்டியிட்டார். அதனால்தான் பேதுரு பதறிப்போய், என் காலை நீர் கழுவவே கூடாது என்று காலை இழுத்துக்கொண்டார்.

இந்தப் பேதுருவை மறந்துவிடாதீர்கள். பிறகு வருகிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் பெரிய வியாழன் மாலையில் கத்தோலிக்க ஆலயங்களில் இதைச் செய்து காட்டுவார்கள். தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓபிர் சாலையில் இருக்கிறதே லூர்து மாதா ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி 1888இல் திறந்தது, அங்கும் உண்டு. முன்பெல்லாம் ஆண்களின் காலைத்தான் கழுவ வேண்டும் என்பது விதி. 2013இல் போப் பிரான்சிஸ் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே ரோம் நகரத்துச் சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவினார். அதில் இரண்டு பெண்கள், ஒருத்தி முஸ்லிம். பெரிய சர்ச்சையானது. 2016இல் விதியையே மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் அவர் சிங்கப்பூருக்கு வந்தபோது தேசிய விளையாட்டரங்கில் திரண்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். அடுத்த ஏப்ரலில் அவர் மறைந்தார்.

அந்த விதி மாறியதால் ஒரு வாய்ப்பு எனக்கும் வந்தது. 2018ஆம் ஆண்டு பெரிய வியாழன். எங்கள் ஆலயத்தில் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்றில் என்னை உட்காரச் சொன்னார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று மதியமே கடைக்குப் போய்க் காலைச் சுத்தம் செய்து, நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு வந்தேன். கழுவப் போகிற காலை முன்கூட்டியே கழுவிக்கொண்டு போனவள் நான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி. ராமநாதபுரம் மாவட்டம், அருளானந்தர் 1693இல் உயிர்விட்ட ஓரியூருக்குப் பக்கத்துக் கிராமம். இங்கே கட்டுமானத் துறையில் வேலை. பாதுகாப்புக் காலணி போட்டுப் போட்டு விரலிடுக்கெல்லாம் வெளுத்து, குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வரிசை நெருங்க நெருங்க அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டே போனார். என்னைப் பார்த்து, "பூட்ஸ் போட்டு இப்படி ஆயிருச்சுக்கா" என்று மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். சாமியார் வந்து மண்டியிட்டு, அடியில் இருந்த காலைத் தேடி எடுத்தார். என் காலுக்கு இரண்டு சொட்டுத் தண்ணீர் போதுமாக இருந்தது. அந்தக் காலை அவர் வெகுநேரம் துடைத்தார்.

தேக்கா என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஹொக்கியன் மொழியில் 'தேக்' என்றால் மூங்கில், 'கா' என்றால் கால். மூங்கில் காட்டின் அடி. நாம் வாரம்தோறும் போய்க் காய்கறி வாங்குகிற இடத்தின் பெயரிலேயே ஒரு பாதம் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அந்தத் தேக்காவில், தோழிகள் மூன்று பேரோடு புடவைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். "அக்கா!" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். அந்தத் தம்பிதான், கூட நாலைந்து நண்பர்கள். தொலைக்காட்சியில் பார்வையாளர்களுக்குக் காட்டுவோமே ஒரு சிரிப்பு, அதைக் காட்டிக் கையை அசைத்துவிட்டு நடந்துவிட்டேன். நிற்கவில்லை. "யாரு?" என்று தோழி கேட்டாள். "யாரோ, நிகழ்ச்சி பார்க்கிறவர்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் கூசுகிறது. அந்தச் சமயம் நான் வெளிநாட்டு ஊழியர்களுக்கு உணவுப் பொட்டலம் வழங்கும் குழு ஒன்றில் இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் கொடுக்கிற கை எனக்கு இருந்தது. நின்று பேசுகிற கால்தான் இல்லை.

நூறாண்டுகளுக்கு முன்னால் ஒரு தமிழர் இதைத்தான் கண்டித்துப் பேசினார். அவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் கிராமத்துப் போதகர். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போன இடத்தில், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்து வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். நாம் மட்டும் ஏன் வெள்ளைக்காரர் கையையே பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. மறுவருடம் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தமிழர் பணத்தில், தமிழர்கள் தெலுங்கு தேசத்துக்குப் போனார்கள். பிறகு அசரியாவே ஐதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார்.

1910இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1,200 பேராளர்கள். அதில் ஆசியர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியாவுக்கு வயது முப்பத்தைந்து. கூட்டுப் பணியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்று, உங்களுக்கும் இந்தியப் பணியாளர்களுக்கும் இடையிலான உறவு இருக்க வேண்டிய விதத்தில் இல்லை என்றார். சேர்ந்து வேலை செய்கிறோம், ஆனால் நட்பு இல்லை என்றார். கடைசியில் அவர் கேட்டதன் சாரம் இது: ஏழைகளுக்காக உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நன்றி. அன்பும் வேண்டும் என்று கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள்.

அரங்கில் சிலருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொந்த ஊரை விட்டு வந்து, பள்ளிக்கூடம் கட்டி, மருத்துவமனை கட்டி, காலராவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அந்தப் பரம்பரையில் இருந்தார்கள். இவ்வளவு செய்தும் போதவில்லையா என்று அவர்கள் நினைத்தால் அது மனித இயல்பு. ஆனால் அசரியா தொட்ட இடம் அதுதான். கொடுப்பவன் நின்றுகொண்டே கொடுக்கலாம். கொடுத்த பிறகும் அவன் உயரம் குறைவதில்லை, சொல்லப்போனால் கூடுகிறது. நண்பனாக வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார வேண்டும். சேவையும் தாழ்மையும் ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். அசரியாவைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இப்போது உயரத்தில் இருப்பது அவர் முறை. தெலுங்கு கற்றுக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள், ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். 1945 ஜனவரி முதல் நாள் இறக்கும்வரை அவர்களோடுதான் இருந்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்து, லண்டனில் படித்துவிட்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். இந்தக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் அதற்கு வைத்த குறிக்கோளே நான் முன்பு சொன்ன அந்த வசனம்தான்: பணிவிடை பெற அல்ல, செய்ய. பிராண்ட் ஒருநாள் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடியுங்கள் என்றார். பிடி வலித்தது. கை செத்துப்போகவில்லை, தசைகளில் வலு இருக்கிறது என்று அந்தப் பிடியில் தெரிந்தது. அந்தக் காலத்தில் அவர்களைத் தொடப் பலரும் தயங்கினார்கள், மருத்துவர்கள் உட்பட. அதன் பிறகுதான் விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சை வேலூரில் வந்தது. சதை தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம் பட்டுப் பட்டே போகிறது என்று கண்டுபிடித்தார்கள். தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது. அதனால் நோயாளிகளின் பாதத்தை அளந்து மெத்தென்ற ரப்பரில் செருப்புத் தைத்தார்கள். மருத்துவ உலகம் பார்த்த விதத்தையே மாற்றிய விஷயம் ஒரு கைகுலுக்கலில் தொடங்கியது. எட்ட நின்று மருந்து கொடுத்திருந்தால் தெரிந்திருக்காது.

நம் ஊரிலும் இல்லாமல் இல்லை. ஹெல்த்சர்வ் என்ற அமைப்பைக் கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் 2006இல் தொடங்கி, வெளிநாட்டு ஊழியர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறார்கள். 2020இல் தங்கும் விடுதிகளில் கொவிட் பரவியபோது அவர்களுடைய பணியை நாடே பார்த்தது.

இங்கே ஒன்றை நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தாழ்மை, பொறுமை என்ற சொற்களை நாம் பெரும்பாலும் யாரிடம் சொல்கிறோம்? வீட்டுப் பணிப்பெண்ணிடம் சொல்கிறோம். மருமகளிடம் சொல்கிறோம். மூன்று மாதம் சம்பளம் வராத ஊழியரிடம், கடவுள் பார்த்துக்கொள்வார், பொறுத்துக்கொள் தம்பி என்கிறோம். அந்த இரவு இயேசு யாரையும் பார்த்து, நீ போய் எஜமானின் காலைக் கழுவு என்று சொல்லவில்லை. துண்டைக் கட்டியது அந்த அறையில் ஆக உயர்ந்த இடத்தில் இருந்தவர். ஏற்கெனவே தரையில் இருப்பவனிடம் போய்த் தாழ்மையைப் போதிப்பது போதனை அல்ல, அக்கிரமம். சம்பளம் வராதவருக்கு முதலில் சம்பளத்தை வாங்கிக் கொடுங்கள். மனிதவள அமைச்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வேதம் பிறகு பேசலாம்.

சரி, அந்தத் தம்பி. எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தேடினேன். மேற்பார்வையாளர் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டதால் அவரால் வர முடியவில்லையாம். நான்காவது வாரம்தான் வந்தார். பூசை முடிந்ததும் நேராகப் போய், "தம்பி, அன்னைக்குத் தேக்காவுல நான் உங்களைத் தெரியாத மாதிரி போயிட்டேன்" என்றேன். "பரவால்லக்கா, நீங்க அவசரத்துல இருந்திருப்பீங்க" என்றார். அவசரம் எதுவும் இல்லை என்று எனக்குத்தான் தெரியும்.

தேக்காவுக்கே போய்த் தேநீர் குடித்தோம். ஊரில் இரண்டு தங்கைகள், ஒருத்திக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், முகவருக்குக் கொடுத்த கடன் இன்னும் ஒரு வருடத்தில் அடையும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் வேலையைப் பற்றியும் கேட்டார். நிகழ்ச்சியில் நான் வேகமாகப் பேசுவதாகவும், அவருடைய அறையில் இருப்பவர்களுக்குப் பாதி புரிவதில்லை என்றும் சொன்னார். பதினைந்து வருடத்தில் எந்தத் தயாரிப்பாளரும் என்னிடம் அதைச் சொன்னதில்லை.

எழுந்து பணப்பையைத் திறந்தேன். அதற்குள் அவர் காசை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டிவிட்டார். நான் தடுத்தேன். "வேண்டாம் தம்பி, நீங்க எதுக்கு, நான் கொடுக்கிறேன்" என்று அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் முகம் சுருங்கியது. பெரிய வியாழன் அன்று நாற்காலிக்கு அடியில் காலை இழுத்துக்கொண்டபோது இருந்த அதே முகம். அப்போதுதான் எனக்குப் பேதுருவின் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அவர் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அடுத்த தடவை நீங்க குடுங்கக்கா" என்றார்.